கேமரன் மலை ஏறும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளுக்குள் ஊர்கள் இருக்கின்றன. ஹாபுவுக்கு அருகிலுள்ள போ தோட்டம், பிரிஞ்சாங்கைத் தாண்டியுள்ள சுங்கை பாலாஸ், கம்போங் ராஜாவுக்கு அப்பாலுள்ள புளூ வேலி ஆகிய ஒவ்வொன்றிலும் தொழிலாளர் வீடுகளும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் கொண்ட ஒரு சிற்றூர் உண்டு. காட்டை வெட்டித் தேயிலை நட்ட தலைமுறையோடு பிறந்த ஊர்கள் இவை. மலைக்கு வரும் வாகனங்களில் பெரும்பாலானவை இந்த ஊர்களின் நடுவே புகுந்து, நிற்காமல், நேரே காட்சி மேடைக்குப் போய்விடுகின்றன. அங்கே படம் எடுத்து, தேநீர் குடித்து, வந்த வழியே திரும்புகின்றன. அந்த ஊர்கள் எப்படி உருவாயின, அவற்றில் என்ன வேலை நடக்கிறது, இன்று அங்கே யார் வாழ்கிறார்கள், அவற்றை எப்படிப் பார்த்து வருவது என்பவை இந்த மடலில் வரிசையாகச் சொல்லப்படுகின்றன.

கேமரன் மலை மாவட்டம் மலேசியாவின் பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக், கிளந்தான் எல்லைகளை ஒட்டி, 712 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா என்று இதன் ஊர்கள் ஒரே சாலையில் தெற்கிலிருந்து வடக்காக மணிபோல் கோக்கப்பட்டிருக்கின்றன. ரிங்லெட் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்திலும், பிரிஞ்சாங் 1,500 மீட்டருக்கு மேலும் இருக்கின்றன. பிரிஞ்சாங் மலையுச்சி 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. பகலில் வெயில் அடித்தாலும் வெப்பம் 25 பாகையை ஒட்டியே நிற்கும். இரவில் 15 பாகைக்கு இறங்கும். ஆண்டு முழுவதும் மழை உண்டு. சரிவில் தண்ணீர் தேங்காது. தேயிலைக்கு வேண்டிய குளிர், மழை, வடிகால் மூன்றும் இங்கே இயல்பாகவே அமைந்தன.

இந்த மலைக்குப் பெயர் தந்தவர் வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் அரசு நில அளவையாளர். 1885இல் குலோப் ரியாவ் என்ற மலாய் வழித்துணைவரோடு அவர் இப்பகுதிக்கு வந்து, மலைகளுக்கிடையே ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாக எழுதினார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். அவருக்கு நெடுங்காலம் முன்பிருந்தே செமாய், தெமியார் ஆகிய ஓராங் அஸ்லி மக்கள் இந்தக் காடுகளில் வாழ்ந்துவந்தார்கள். இன்றும் வாழ்கிறார்கள். கேமரனின் பயணத்துக்குப் பின் நாற்பது ஆண்டுகள் மலை அப்படியே கிடந்தது. 1925இல் மலாய் கூட்டு மாநிலங்களின் உயர் அதிகாரி சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் இங்கே வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத்தலம் அமைக்கும் முடிவு பிறந்தது. 1926இல் தாப்பாவிலிருந்து சாலை வெட்டத் தொடங்கினார்கள். 1930களின் தொடக்கத்தில் அது தானா ராத்தாவை எட்டியது.

பெரும்பாலான பயணிகள் ஏறும் வழி இன்றும் அந்தச் சாலைதான். கோலாலம்பூரிலிருந்து வடக்கு நெடுஞ்சாலையில் வந்து, தாப்பாவில் இறங்கி, அங்கேயே எண்ணெய் நிரப்பிக்கொண்டு மலையேறுவது வழக்கம். தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தூரம் குறைவானாலும் வளைவுகள் ஓயாமல் வருவதால் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். வழியில் லாத்தா இஸ்கந்தர் அருவி. அதன் முன்னும் பின்னும் செமாய் மக்களின் மூங்கில் கடைகளில் பெத்தாய், தேன், மூங்கில் ஊதுகுழல் விற்கிறார்கள். பேராக் எல்லையைக் கடந்து பகாங்குக்குள் நுழைந்ததும் ரிங்லெட் வருகிறது. ஈப்போ பக்கமிருந்து வருவோருக்குச் சிம்பாங் பூலாய் – கம்போங் ராஜா சாலை உண்டு. இது பிற்காலத்தில் போடப்பட்ட அகலமான சாலை; வளைவுகள் குறைவு. தாப்பா வழியே ஏறி சிம்பாங் பூலாய் வழியே இறங்கினால், தேயிலை ஊர்கள் அத்தனையையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம்.

தேயிலை இங்கே முதலில் சோதனைப் பயிராகவே வந்தது. 1920களின் நடுவில் தானா ராத்தாவில் அரசு தொடங்கிய வேளாண் சோதனை நிலையம் மலைக்குளிரில் எவை விளையும் என்று பார்த்த பயிர்களில் தேயிலையும் ஒன்று. 1929இல் ஜே. ஏ. ரசல் என்ற வணிகர், இலங்கையில் நெடுநாள் தேயிலை வளர்த்த ஏ. பி. மில்னோடு சேர்ந்து, மலைச்சரிவில் நிலம் கேட்டு வாங்கிப் போ தோட்டத்தைத் தொடங்கினார். உலகப் பொருளாதாரம் சரிந்து, ரப்பர் விலை விழுந்துகொண்டிருந்த காலம் அது. ரப்பர் தோட்டங்கள் ஆட்களைக் குறைத்து, தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தபோது, மேலே மலையில் ஒரு புதிய பயிருக்குக் காடு வெட்டப்பட்டது. ரசல் 1933இல் இறந்துவிட்டார். தோட்டம் அவர் குடும்பத்தின் கையிலேயே இன்றும் இருக்கிறது.

போ தோட்டத்தின் தொடக்கத்தைச் சொல்லும் வழக்கமான வரலாற்றுக் குறிப்பு, ஒரே ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், கூலியாட்கள் ஆகியவற்றைக் கொண்டு செங்குத்தான காடு தோட்டமாக்கப்பட்டது என்கிறது. உருளைக்கு எண்ணிக்கை உண்டு. நிறுவியவருக்குப் பெயர் உண்டு. மரம் சாய்த்து, வேர் தோண்டி, சரிவில் கயிறு கட்டிக் குழி அளந்து, கன்று நட்டவர்களுக்கு அந்த வரியில் பெயரும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. மலைக்கு வரும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் முதலில் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

அந்தக் கூலியாட்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலாயாவுக்குத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் ஊர்கள் வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களில் பரவிக் கிடந்தன. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே ஆள்சேர்ப்பின் முதுகெலும்பானது. தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர், துரை கொடுத்த அனுமதிச் சீட்டோடு தம் சொந்த ஊருக்குப் போய், உறவிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் சேர்த்துக் கூட்டிவருவார். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, தொற்றுத்தடை முகாமில் நாள் கழித்து, பிறகு தோட்டம் சேர்வார்கள். ரஜூலா என்ற கப்பலின் பெயர் பழைய குடும்பங்களில் இன்றும் நினைவிருக்கிறது. 1938இல் இந்திய அரசு இந்த வகைத் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. அதன்பின் தோட்டங்களில் வேலைக்கு நின்றவர்கள் பெரும்பாலும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

கங்காணி, லயம், துரை, கிராணி, பெரட்டு, கொழுந்து ஆகிய சொற்களை வால்பாறையிலோ நீலகிரியிலோ இலங்கை மலையகத்திலோ சொன்னாலும் புரியும். கேமரன் மலையிலும் புரியும். தொழிலாளர் குடியிருப்பு வரிசையைக் குறித்த ‘லைன்’ என்ற சொல் தமிழ் வாயில் லயம் ஆனது. காலையில் ஆள் கணக்கெடுக்க நிறுத்திய ‘பரேட்’ பெரட்டு ஆனது. கணக்கு எழுதும் எழுத்தர் கிராணி. மலாயாத் தோட்டங்களில் மேற்பார்வையாளருக்குத் தண்டல் என்ற பெயரும், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தையை விட்டுச்செல்லும் இடத்துக்கு ஆயாக்கொட்டகை என்ற பெயரும் வழங்கின. மில்ன் இலங்கையிலிருந்து தேயிலை அறிவைக் கொண்டுவந்தார் என்று புத்தகங்கள் எழுதுகின்றன. அந்த வேலைக்குரிய தமிழ்ச் சொற்களும் அதே கடலைக் கடந்தே வந்திருக்கின்றன. நான்கு மலைகளிலும் ஒரே பயிர், ஒரே வேலைமுறை, ஒரே மொழி.

தோட்ட ஊரின் அமைப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். தொழிற்சாலை நடுவில், நீர் ஓடும் பள்ளத்தின் அருகே இருக்கும். துரையின் பங்களா மேட்டில், எல்லாவற்றையும் பார்க்கும்படி நிற்கும். கிராணிமார், மேற்பார்வையாளர்களின் வீடுகள் அதற்குக் கீழே. லயங்கள் சரிவில் வரிசையாக இறங்கும். பழைய லயம் என்பது ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்த அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழப் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றும் முன்னால் ஒரு நடையும். அந்த அறையிலேயே சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம் நடந்தன. நாடு விடுதலை பெற்றபின் சட்டங்கள் மாறி, தனி வீடுகளும் இரட்டை வீடுகளும் வந்தன. வீட்டின் முன் ஒரு பூச்செடி, பக்கத்தில் சௌசௌ கொடி, கயிற்றில் காயும் துணி என்று இன்று தெரியும் காட்சிக்குப் பின்னால் அந்தப் பத்தடி அறை இருக்கிறது.

கோயில் இல்லாத தமிழ்த் தோட்டம் மலாயாவில் அரிது. ஒரு மரத்தடிக் கல்லாகவோ தகரக் கொட்டகையாகவோ தொடங்கி, தொழிலாளர்கள் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த காசில் சுவரும் கூரையும் பெற்று, பிறகு கோபுரம் கண்டவையே தோட்டக் கோயில்களில் பெரும்பாலானவை. மாரியம்மனும் முருகனும் முனீஸ்வரரும் இவற்றில் வீற்றிருக்கிறார்கள். மலையின் நகர்ப்பகுதியில் பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி ஆலயம் வண்ணக் கோபுரத்தோடு சாலையோரமாகவே தெரிகிறது. தோட்டக் கோயிலின் ஆண்டுத் திருவிழா என்பது வெளியூர் போன பிள்ளைகள் திரும்பிவரும் நாளும்கூட.

பள்ளிக்கூடம் சட்டத்தின் வழியாக வந்தது. ஏழு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923இன் தொழிலாளர் சட்டம் விதித்தது. தொடக்கத்தில் பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ எழுதப்படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளரோ ஆசிரியராக இருந்தார்கள். அந்த வழியில் வந்த பள்ளிகளே போ 1, போ 2, சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய தோட்டத் தமிழ்ப்பள்ளிகள். ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் நகரத் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மலேசியாவில் 150 மாணவருக்குக் குறைவான பள்ளி ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று வகைப்படுத்தப்படுகிறது. குடும்பங்கள் தோட்டத்தைவிட்டு நகர்ந்த இடங்களிலெல்லாம் தமிழ்ப்பள்ளிகள் அந்த வகைக்குள் விழுந்திருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்பதே தோட்ட ஊரின் நாடித்துடிப்பு.

ஊரைத் தாங்கும் வேலை கொழுந்து எடுப்பது. தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாக வளரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்து, இடுப்பளவில் மட்டமாக நிறுத்தி வைப்பதால்தான் சரிவு முழுவதும் பச்சைப் பாய் விரித்ததுபோல் தெரிகிறது. அந்தப் பாயின் மேல்மட்டத்தில் தலைநீட்டும் இரண்டு இளம் இலையும் ஒரு மொட்டும்தான் கொழுந்து. விரல் நுனியால் பிடித்து, நகத்தால் கிள்ளாமல் ஒடித்தால் ‘டிக்’ என்ற சிறு ஒலியோடு கையில் வரும். கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் முதுகுக் கூடையில் விழும். கூடை நிறைந்ததும் நிறுவைக்குப் போகும். அடியில் நிற்கும் தண்டு முற்றிப் பருத்திருக்கும். முழங்கால் அளவில் அதன் கிளைகள் கடினமான வலை போலப் பின்னிக் கிடக்கும். வரிசைக்குள் நடப்பவரின் காலை அது கீறும். மழையில் மண் வழுக்கும், அட்டை ஏறும். தூரத்திலிருந்து வழவழப்பாகத் தெரியும் சரிவு, உள்ளே நின்றால் இப்படித்தான் இருக்கும்.

கையால் எடுப்பது இப்போது குறைந்துவிட்டது. சமனான சரிவுகளில் இரண்டு பேர் இருபுறமும் பிடித்துச் செடிவரிசைமேல் ஓட்டும் வெட்டு இயந்திரம் வந்துவிட்டது. நடுத்தரச் சரிவில் பை கட்டிய பெரிய கத்தரி. இயந்திரமும் கத்தரியும் ஏறாத செங்குத்தில் இன்னமும் மனிதக் கைதான். ஒரு வரிசையில் கொழுந்து எடுத்தால் ஏறத்தாழ மூன்று வாரத்தில் அதே வரிசை மறுபடி துளிர்த்து நிற்கும். தேயிலைக்கு அறுவடைக்காலம் என்று தனியாக ஒன்று இங்கே கிடையாது. ஆண்டு முழுவதும் வேலை நடக்கிறது.

பறித்த கொழுந்து அன்றே தொழிற்சாலைக்குப் போகிறது. நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி, பல மணி நேரம் வாட விடுகிறார்கள். ஈரம் வற்றித் துவண்ட இலை உருட்டு இயந்திரத்தில் அரைபட்டு, உயிரணுக்கள் உடைந்து சாறு வெளிவருகிறது. பிறகு காற்றோடு கலந்து நிறம் மாற விடுகிறார்கள். பச்சை செம்புநிறமாகி, புல்வாசம் போய்த் தேயிலை வாசம் ஏறுவது இந்தக் கட்டத்தில்தான். சூடான காற்றில் உலர்த்தினால் அந்த மாற்றம் நின்று இலை கறுக்கிறது. கடைசியாகச் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலை ஆகிறது. போ நிறுவனத்தின் கணக்குப்படி அதன் தோட்டங்கள் ஏறத்தாழ 1,200 ஹெக்டேர். ஆண்டு உற்பத்தி 40 லட்சம் கிலோ அளவில். நாட்டில் விளையும் தேயிலையில் பெரும்பங்கு அதுவே. மலையின் மற்றொரு பெரிய தோட்டமான கேமரன் வேலியை 1933இல் தொடங்கியது வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பம். பாரத் என்ற பெயரில் அறியப்படும் அதன் சரிவுகள் ரிங்லெட் – தானா ராத்தா சாலையிலேயே தெரிகின்றன.

தோட்ட ஊர்களின் வாழ்க்கை அமைதியாகவே ஓடிவிடவில்லை. ஜப்பானியர் ஆண்ட 1941–45 காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் நாடெங்கும் தோட்டக் குடியிருப்புகள் முள்வேலிக்குள் தொகுக்கப்பட்டன. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. 1954இல் பி. பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, கூலிக்கும் வீட்டுக்கும் பேச ஓர் அமைப்பு கிடைத்தது. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, பிறந்து வளர்ந்த தோட்டத்தைவிட்டுப் பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். சேலத்திலும் திருச்சியிலும் ‘மலாயாக்காரர் வீடு’ என்று அழைக்கப்படும் வீடுகளில் சில அப்படித் திரும்பியவர்களுடையவை.

நின்றவர்களின் பிள்ளைகள் படித்தார்கள். தோட்டத்தைவிட்டு இறங்கி, தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் கடை வைத்தார்கள்; காய்கறித் தோட்டங்களிலும் லாரியிலும் விடுதியிலும் அரசு அலுவலகத்திலும் வேலைக்குச் சேர்ந்தார்கள்; ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். அவர்கள் விட்ட இடத்தில் இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் தொழிலாளர்கள் கொழுந்து எடுக்கிறார்கள். அரசியலிலும் தமிழர் பெயர்கள் வந்தன. 2004இல் கேமரன் மலைக்கெனத் தனி நாடாளுமன்றத் தொகுதி அமைந்தபோது முதல் உறுப்பினரானவர் எஸ். கே. தேவமணி. அவருக்குப்பின் ஜி. பழனிவேல், பிறகு சி. சிவராஜ். 2019 இடைத்தேர்தலில் வென்ற ரம்லி முகமட் நோர், நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி ஆனார். மலையை முதலில் அறிந்த மக்களுக்கும் அதில் பயிர் செய்த மக்களுக்கும் அதன்மேல் உரிமை உண்டு என்பதை இந்தப் பெயர்வரிசை காட்டுகிறது.

ஹாபுவில் சாலையை ஒட்டிக் கிடக்கும் ரிங்லெட் நீர்த்தேக்கத்தையும் பயணிகள் கவனிப்பது நல்லது. 1963இல் முடிந்த சுல்தான் அபு பக்கார் அணை தேக்கிய நீர் அது. சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் இறங்கி மின்சாரம் தருகிறது. மழைக்குப் பின் அந்த நீர் பழுப்பாக, சேறாகத் தெரியும். மேலே காடழித்துக் காய்கறி பயிரிடும் சரிவுகளிலிருந்து மண் கரைந்து வருவதே காரணம். தேயிலை வேர் பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் நின்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்குச் சில முறை கிளறி நடும் காய்கறிப் பாத்தியால் அது முடியாது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அணையின் நீர் திறக்கப்பட்டு, கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. மலிவாகக் கிடைக்கும் மலைக்காய்கறிக்கும் அந்தச் சேற்றுக்கும் தொடர்பு உண்டு.

பயண ஒழுங்கைப் பொறுத்தவரை, வார நாளில், காலையில் ஏறுவது சிறந்தது. விடுமுறை நாட்களில் பிரிஞ்சாங்குக்கு அப்பாலுள்ள கியா ஃபார்ம் சந்தையை ஒட்டி வாகனங்கள் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். ஒரே சாலைதான், மாற்றுவழி இல்லை. போ தோட்டத்துக்கு ஹாபுவில் திரும்ப வேண்டும். சுங்கை பாலாஸுக்குப் பிரிஞ்சாங் தாண்டி மலையுச்சிச் சாலையில் திரும்ப வேண்டும். இரண்டும் ஒடுங்கிய தோட்டச் சாலைகள். எதிரே தோட்ட லாரி வந்தால் ஒதுங்கி வழிவிடுவது வருபவரின் கடமை. வளைவுக்கு முன் ஹாரன் அடித்து, இறக்கத்தில் கியரைக் குறைத்து, பிரேக்கைச் சூடேறவிடாமல் ஓட்ட வேண்டும். மாலையில் பனிமூட்டம் இறங்கும்; ஆண்டின் கடைசி மாதங்களில் மண்சரிவு ஆபத்து அதிகம். சுங்கை பாலாஸ் தேயிலை மையம் வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். தொழிற்சாலையைப் பார்க்க விரும்புவோர் அந்த நாளைத் தவிர்க்க வேண்டும்.

ஊருக்குள் நடந்துகொள்ளும் முறை அதைவிட முக்கியம். லயத்து வாசல் ஒரு வீட்டின் வாசல். அங்கே நின்று கேட்காமல் படம் எடுப்பது முறையல்ல. வேலை செய்பவரை, அவர் எந்த நாட்டவரானாலும், கேட்டபின்பே படம் எடுக்க வேண்டும். செடிவரிசைக்குள் புகுந்தால் துளிர் மிதிபடும். அது யாரோ ஒருவரின் அன்றைய நிறுவை. பள்ளி நேரத்தில் பிள்ளைகளிடம் போய் நிற்கக் கூடாது. பள்ளிக்குப் புத்தகமோ உதவியோ தர விரும்புவோர் முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் பேசிவிட்டு வர வேண்டும். கோயில் திறந்திருந்தால் கும்பிட்டு, உண்டியலில் போடுவதோடு, ஊர்க்கடையில் ஏதாவது வாங்கலாம். காட்சி மேடையில் செலவாகும் பணம் ஊருக்குள் வராது. கடையில் கொடுக்கும் பத்து வெள்ளி அங்கேயே தங்கும்.

இன்னும் செய்யப்படாமல் கிடக்கும் பெரிய வேலை ஒன்று உண்டு. காடு வெட்டியவர்களின் தலைமுறை போய்விட்டது. அவர்களின் பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கங்காணி கூட்டிவந்தார், எந்த லயத்தில் எத்தனையாவது அறை, முதல் ஆசிரியர் யார், கோயிலில் முதல் கல்லை வைத்தது யார் என்பவை இப்போது அந்த முதியோரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியை வணங்கி, “எந்த ஊரு பாட்டி உங்க அப்பாவுக்கு?” என்று கேட்டால் ஒரு குடும்ப வரலாறு தொடங்கும். அனுமதி பெற்று அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, பெயர், ஆண்டு, ஊர் ஆகிய மூன்றையும் எழுதி, ஒரு படியை அந்தக் குடும்பத்துக்கும் மற்றொன்றைத் தோட்டப் பள்ளிக்கும் கொடுத்தால் போதும். வரலாற்று அறிஞராக இருக்க வேண்டிய தேவை இதற்கு இல்லை. தமிழ் தெரிந்தால் போதுமானது. மலைக்கு வரும் லட்சக்கணக்கான பயணிகளில் அந்தத் தகுதி தமிழ்க் குடும்பங்களுக்கே இருக்கிறது.

போ தோட்டம் 2029இல் நூறாண்டை நிறைவு செய்கிறது. நிறுவியவரின் பெயர் அப்போது முறையாக நினைவுகூரப்படும். காட்டைத் தோட்டமாக்கியவர்களின் பெயர்களும் அதே நாளில் ஒரு பட்டியலாக அந்த ஊர்க் கோயிலிலோ பள்ளியிலோ வாசிக்கப்பட வேண்டும். அதற்கு இன்னும் சிறிது காலமே இருக்கிறது. அடுத்த முறை மலையேறும்போது, மேடைக்குப் போகும் முன் ஊரில் அரை மணி நேரம் இறங்குங்கள். ஒரு பெயரையாவது கேட்டு எழுதிக்கொண்டு திரும்புங்கள்.